ஒன்றும் இல்லை என்றார் டாக்டர்

சலவைக்கூடத்தின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். விடுதியில் வேலை பார்ப்பவர்களில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் அனைவரும் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். செலவு நிர்வாகத்துடையது. படித்த ஒவ்வொருவருக்கும் முகம் சுண்டிப்போயிற்று.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நல்லா இருக்கறவளைக் கூப்பிட்டு, உனக்கு அது இருக்கு இது இருக்குன்னு சொல்லி அனுப்புவாங்க, பாரேன்" என்றாள் படுக்கை விரிப்பின் அந்த முனையைப் பிடித்திருந்தவள். வாய் ஓயாது என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

இந்த முனையைப் பிடித்திருந்தவள் அடுத்த விரிப்பை இழுத்தாள். சூடான உருளைக்குள் புகுந்து சுருக்கம் நீங்கி வருகிற விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, நடந்து வந்து விளிம்போடு விளிம்பு சேர்த்து மடிப்பதுதான் இருவருக்கும் நாள் முழுக்க வேலை. அன்று அவள் உதறிய உதறலில் விரிப்பு சாட்டைபோலச் சத்தம் போட்டது. அவ்வளவு உற்சாகம். அந்தக் கூடத்தில், தனக்கு ஏதாவது ஒரு நோய் அகப்பட்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான்.

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள். மூத்த மருமகள். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இன்னொருத்தி வந்ததும் அவள் சின்னவள் ஆனாள். சின்னவளுக்குக் குரல் மெது. ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டால்கூடப் பாதிதான் காதில் விழும், அதனாலேயே நாலு பேர் திரும்பி, "என்னம்மா, என்ன வேணும்?" என்பார்கள். பெரியவளுக்கோ இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. "சாப்பிட வாங்க" என்று ஆசையாகக் கூப்பிட்டாலும் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

இதெல்லாம் எந்த வீட்டிலும் உள்ளதுதான். ஓரகத்திகளுக்குள் இருக்கிற வழக்கமான உரசல். அது வயிற்றெரிச்சலாக முற்றியது போன வருஷம். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சின்னவளுக்கு அடிக்கடி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார்கள். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், மாத்திரை போதும், ஆனால் பளு தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், மனசை நோகவிடக் கூடாது.

கடைசியில் சொன்னதை வீடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மாமனார் தன் சாய்வு நாற்காலியைச் சின்னவளுக்கு விட்டுக்கொடுத்தார். எலக்ட்ரீஷியனான கொழுந்தன், அவள் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு அழைப்பு மணி பொருத்தினான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெரியவளின் கணவன், திரும்பி வருகிற வழியில் ஆப்பிள் வாங்கிவந்து, "இது சின்னவளுக்கு" என்று மேசையில் வைத்தான். பெரியவள் வயிற்றில் பிறந்த மகள் கல்லூரியிலிருந்து வந்ததும், "சித்தி, மாத்திரை போட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். பகலெல்லாம் ஊரார் படுத்த விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த பெரியவள், ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். ஒருநாள்கூட ஒருவரும் அவளிடம், "கால் வலிக்குதா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

அழுகிற பிள்ளைக்குத்தான் பால். பெரியவளுக்கு அழத் தெரியவில்லை, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்த மழைக்காலத்தில்கூட அவளுக்கு ஒரு தும்மல் வரவில்லை.

பரிசோதனைச் சேதியை அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவிழ்த்தாள்.

"உனக்கா? உனக்கு எதுக்கு? நீ கல்லுக்குண்டு மாதிரி இருக்கே. அந்த மெஷினைத்தான் உன்கிட்ட கூட்டிட்டு வந்து டெஸ்ட் பண்ணணும்" என்றான் கணவன்.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க அத்தான். உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அக்கா, நான் உங்ககூட வரேன். நான் பாக்கற ஆஸ்பத்திரிதானே, எனக்கு அங்க எல்லாரையும் தெரியும்" என்றாள்.

"பாத்தியா, அவ உடம்பு இருக்கற இருப்புல உனக்குத் துணைக்கு வரேங்கறா" என்று மாமனார் உருகினார். பெரியவள் சோற்றை அழுத்திப் பிசைந்தாள். தன் உடம்பைப் பார்க்கப் போகிற அன்றும் பாராட்டு அவளுக்கா?

சின்னவள் விடவில்லை. மறுநாளிலிருந்தே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டாள். "முந்தின நாள் ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுடணும் அக்கா. அப்புறம் தண்ணி மட்டும்தான். காலையில டீ கூடாது. கை லூசா இருக்கற சட்டை போட்டுக்கோங்க, ரத்தம் எடுக்கச் சுலபமா இருக்கும். நகை எதுவும் வேண்டாம்." எல்லாவற்றையும் மெதுவான குரலில், அனுபவசாலியின் நிதானத்தோடு சொன்னாள். பெரியவளுக்கு அந்த நிதானம்கூடப் பொறுக்கவில்லை. சீக்குக்காரி என்றாலும் அதிலும் ஒரு பட்டம் வாங்கிவிட்டாளே!

பெரியவள் தன் பங்குக்கு வேறுவிதமாகத் தயாரானாள். பெரிதாக எதற்கும் அவள் ஆசைப்படவில்லை. கொஞ்சம் சர்க்கரை, இல்லையென்றால் கொஞ்சம் ரத்த அழுத்தம். ஊரோடு ஒத்த நோய் ஒன்று போதும். சின்னவளுக்காக உப்பில்லாமல் ஆக்கிய காயில், தன் தட்டில் மட்டும் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டாள். டீயில் கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை போட்டாள். "என்னடி, பாகு காய்ச்சறியா?" என்றாள் ரேடியோ. "பரீட்சைக்குப் படிக்கறேன்" என்றாள் பெரியவள். ரேடியோவுக்கு அது புரியவில்லை. அதிசயமாக மேற்கொண்டு எதுவும் கேட்கவுமில்லை.

ஆஸ்பத்திரியில் நுழைந்த கணமே பெரியவளுக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. வாசலில் நின்ற காவலாளி சின்னவளைப் பார்த்து, "வாங்கம்மா, உடம்பு எப்படி இருக்கு?" என்றான். சீட்டு எழுதுகிற பெண் எழுந்து நின்று சிரித்தாள். ரத்தம் எடுக்கிற நர்ஸ் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இளைச்சிட்டீங்களே" என்று வருத்தப்பட்டாள். அதற்கப்புறம்தான், "இவங்க யாரு?" என்று பெரியவளைப் பார்த்தாள்.

"எங்க அக்கா. இன்னைக்கு இவங்களுக்குத்தான் செக்கப்."

"அப்படியா, உக்காருங்க." நர்ஸ் ரப்பர் பட்டையைக் கட்டியதும் பெரியவளின் முழங்கையில் நரம்பு துடித்து எழுந்தது. நர்ஸ் பூரித்துப்போனாள். "அடேயப்பா, கயிறு மாதிரி இருக்கு! உங்க தங்கச்சிக்கு நரம்பைத் தேடறதுக்குள்ள எனக்கு வேர்த்துடும்."

நரம்பு ஒளிந்துகொள்வதும் ஒரு கௌரவம்போல என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

ரத்த அழுத்தம் பார்க்கிற அறை மேல்தளத்தில். சின்னவள் லிஃப்டில் போனாள். "எனக்கு லிஃப்ட்னா தலை சுத்தும்" என்று பொய் சொல்லிவிட்டு, பெரியவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, மூச்சிரைக்கப் போய் நாற்காலியில் விழுந்தாள். கையை நீட்டி, "பாருங்க" என்றாள். அங்கிருந்த பையன் அவசரப்படவில்லை. "படி ஏறி வந்தீங்களா? கொஞ்ச நேரம் உக்காந்து இளைப்பாறுங்கம்மா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையில் இறங்கினான். இளைப்பாறியபின் பார்த்தால் எண்கள் எல்லாம் சமர்த்தாக இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பாழாய்ப்போன இதயம், நிமிஷத்தில் அமைதியாகிவிட்டது.

டிரெட்மில் என்கிற ஓடுபட்டையில் நடக்கவிட்டார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வழக்கமாக அவள் வயதுக்காரர்கள் "போதும் போதும்" என்று கையைத் தூக்குகிற கட்டம் வந்தது. பெரியவள் நடந்துகொண்டே இருந்தாள். நாளெல்லாம் விரிப்போடு முன்னும் பின்னும் நடக்கிற கால்கள், தம் புத்தியைக் காட்டின. தடுமாற வேண்டும், நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மனம் சொன்னது, கால் கேட்கவில்லை. கடைசியில் இயந்திரத்தை அவர்களே நிறுத்திவிட்டார்கள்.

மதியம் தாண்டி டாக்டர் கூப்பிட்டார். சின்னவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் நரைத்த தலையும் களைத்த கண்ணுமாக இருந்த பெண்மணி. காகிதங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

"சர்க்கரை இல்ல. பிரஷர் இல்ல. கொழுப்பு அளவா இருக்கு. ஈரல், கிட்னி, இதயம் எல்லாம் நல்லா இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?"

"பாத்துட்டேனே."

"ஏதாவது மாத்திரை?"

"எதுக்கு?"

"சும்மா ஒண்ணு. ராத்திரி படுக்கறப்போ போட்டுக்கற மாதிரி."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒருதரம் பார்த்தார். "வீட்ல ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாக வீட்டில் ஒருவரும் கேட்காததை முன்பின் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டாரே என்று இருந்தது. "ஒண்ணும் இல்ல" என்று எழுந்து வந்துவிட்டாள். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல! அந்தச் சொல்லே அவளுக்கு வசவுபோல இருந்தது.

கலங்கிய கண்ணோடு கதவைத் திறந்து வந்தவளைக் கண்டதும் சின்னவள் எழுந்தாள். "அக்கா, என்ன சொன்னாங்க?"

பெரியவள் பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டு வரவில்லை. வாய் முந்திக்கொண்டது. "இதயத்துல ஏதோ சத்தம் கேக்குதாம். ஓய்வெடுக்கணுமாம். பளு தூக்கக் கூடாதாம்."

சொல்லி முடித்ததும்தான், சின்னவளின் நோயையே திருடிக்கொண்டோம் என்று உறைத்தது. சின்னவள் இவள் முகத்தையே பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். பிறகு பெரியவளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

வீடு தலைகீழாக மாறியது. சேதியைக் கேட்ட கணவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கல்லுக்குண்டு என்று சொன்ன வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். மறுநாள் ஒரு பை நிறைய ஆப்பிள் வந்தது. "இது உனக்கு" என்று அவள் மடியில் வைத்தான். மகள் வெந்நீர் வைத்து அவள் கால்களை நனைத்துவிட்டாள். கொழுந்தன், "அண்ணி, உங்களுக்கும் ஒரு மணி மாட்டிடறேன்" என்று ஏணியோடு வந்து நின்றான். மாமனாரிடம் கொடுக்க இன்னொரு சாய்வு நாற்காலி இல்லாததால், தன் தலையணையைக் கொடுத்தார்.

பெரியவள் கட்டிலில் சாய்ந்து ஆப்பிள் தின்றாள். முதல் நாள் அமிர்தமாக இருந்தது. மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தாள். மூன்று பேர் ஓடிவந்தார்கள். இந்தச் சுகத்தைத்தான் ஒரு வருஷமாக ஒருத்தி மட்டும் அனுபவித்தாளா என்று பழைய எரிச்சலே இன்னொரு பக்கம் பற்றிக்கொண்டது.

வேலைக்கும் லீவு சொல்லியாயிற்று. அடுத்தடுத்த நாட்களில் சுகம் புளிக்கத் தொடங்கியது. உப்பில்லாத காய் உள்ளே இறங்கவில்லை. கணவன் இரவில் புரண்டு புரண்டு படுத்தான். ஒருநாள் காலை, "வேற ஒரு பெரிய டாக்டர்கிட்ட காட்டலாம்னு விசாரிச்சு வச்சிருக்கேன்" என்றான். பெரியவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்றுதான் அது நடந்தது. அண்ணனும் தம்பியும் வேலைக்கும் மாமனார் கடைத்தெருவுக்கும் போயிருந்தார்கள். மகள் கல்லூரியில். கட்டிலில் படுத்திருந்த பெரியவளின் காதில் மாடிப்படியிலிருந்து ஏதோ உரசுகிற சத்தம் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். ஈரத்துணி நிரம்பிய வாளியை ஒவ்வொரு படியாகத் தூக்கித் தூக்கி வைத்தபடி சின்னவள் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏய்! வை கீழே!"

சலவைக்கூடத்துக் குரல். தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். கட்டிலிலிருந்து பாய்ந்து ஓடிய பெரியவள், வாளியை வெடுக்கென்று பிடுங்கி, மறு கையால் சின்னவளைப் படியில் உட்காரவைத்தாள். பிறகு அதே மூச்சில் வாளியோடு மாடிக்குப் போய், இறக்கிவைத்துவிட்டு இறங்கி வந்தாள். வந்த பிறகுதான், தான் இதய நோயாளி என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

சின்னவள் மூச்சு அடங்கும்வரை சுவரில் சாய்ந்திருந்தாள். அடங்கியதும், "மெதுவா அக்கா. உங்க நெஞ்சுல சத்தம் கேக்கப்போகுது" என்றாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு.

பெரியவள் விறைத்துப்போனாள். "உனக்குத் தெரியுமா?"

"நீங்க டாக்டர் ரூம்ல இருந்தப்பவே தெரியும். அந்த நர்ஸ் வந்து, 'உங்க அக்காவுக்கு எல்லாம் சுத்தமா இருக்கு, சுத்திப் போடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் நீங்க கண்ணைக் கசக்கிட்டு வந்து வேற சொன்னீங்க."

"அப்ப ஏன் நீ வாயைத் திறக்கல?"

"எதுக்குத் திறக்கணும்? இந்த வீட்ல ஓய்வு வேணும்னா நோய் வந்தாத்தான் கிடைக்குது. நீங்களா கேட்டா யாரு தருவாங்க? கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும்னு விட்டுட்டேன். துணிதான் சேந்து போச்சு. யார்கிட்டயும் சொல்லாம நானே காயப்போட்டுடலாம்னு பாத்தேன்."

பெரியவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். இவ்வளவையும் தெரிந்துகொண்டே காட்டிக்கொடுக்காமல் இருந்த பெருந்தன்மையும் இவளுக்கே வாய்த்துவிட்டதே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நோய் இவளுக்கு, அழகான குரல் இவளுக்கு, கடைசியில் நல்ல மனசும் இவளுக்கா? எனக்கு என்று என்னதான் மிச்சம் வைத்தாள்?

அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டதாகத்தான் நினைத்தாள். ஆனால் வாய்விட்டே சொல்லிவிட்டிருந்தாள்.

"உன்மேல எனக்கு அவ்வளவு வயித்தெரிச்சல்டி" என்று முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழத் தெரியாதவளின் அழுகை. இருமல் மாதிரி முட்டி முட்டி வந்தது. சின்னவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சாயந்தரம் கணவன் வந்ததும் பெரியவள் சுற்றி வளைக்கவில்லை. "பெரிய டாக்டர் வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன். சின்னவளுக்கு முதல்லயே தெரியும்" என்றாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் தூங்காம கெடந்தேன் தெரியுமா? விளையாட்டா உனக்கு?" என்று கத்தினான். கத்திக்கொண்டே இருந்தவன் நடுவில் நிறுத்தி, "நெஜமாவே ஒண்ணும் இல்லையா?" என்றான். அவள் தலையாட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு முறைத்தபடியே மாடி ஏறியது அவன்தான். அதற்கப்புறம் அது அவன் வேலை என்றே ஆகிவிட்டது. மகளுக்கும் பாத்திரங்களில் பாதி வந்து சேர்ந்தது, முணுமுணுத்துக்கொண்டு கழுவினாள். மாமனார் மட்டும், "எல்லாம் தெரிஞ்சும் வாயைத் திறக்கல பாரு, சின்னவ மனசு யாருக்கு வரும்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் சின்னவளின் முறை. வழக்கமான பரிசோதனைதான். கொழுந்தனுக்கு வேலை இருந்ததால் பெரியவள் துணைக்குப் போனாள். நர்ஸ் நரம்பைத் தேடிக் குத்திக் குத்தி எடுத்தபோது, சின்னவள் ஒரு சத்தம் போடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றுதான் பெரியவள் கிட்டே இருந்து பார்த்தாள். குத்திய இடமெல்லாம் கருநீலமாகக் கன்றிப்போயிற்று. அந்தக் கையைப் பார்த்து அவளுக்குப் பொறாமை வரவில்லை. முன்னைக்கு இப்போது தேவலை, இப்படியே போனால் மெல்ல நடைப்பயிற்சி தொடங்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். சின்னவளின் முகத்தைப் பார்த்த ஒருவர் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார். பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

சின்னவள் அண்ணாந்து பார்த்தாள். "அக்கா, இப்பவும் எரியுதா?"

"எரியுது. உன்னைப் பாத்ததும் எழுந்தாரே, என்னைப் பாத்தா ஒருத்தனாவது எழுந்திருக்கானா?"

"நான் முழுசா நல்லாயிட்டா யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. அப்ப சரியாயிடுமா?"

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். "எங்க சரியாகும்? நீ என்னைவிட வேகமா மாடி ஏறுவே. அப்ப இன்னும் நல்லா எரியும்."

சின்னவள் சிரித்தாள். அவளுக்கு வழக்கமில்லாத பெரிய சிரிப்பு. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப சீக்கிரமே எரியவிடறேன் அக்கா" என்றாள்.

"விடு, பாக்கலாம்" என்றாள் பெரியவள். சின்னவளுடைய மருந்துப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.